சத்து ஊசி

கோம்பையிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளில் மலையம்மாள் பல வருடம் போய் வந்தாள். அவளுடைய மகள் முத்துப்பேச்சி, தேனியில் நடந்த மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தது 2006இல். அன்றைக்கே ராஜமணி மாஸ்டர் வீடு தேடி வந்துவிட்டார். வெளியூரில் ஒரு தடகள விடுதியில் பயிற்சியாளர். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காப்பி குடித்தார்.

"இவள எங்கிட்ட விடுங்கம்மா. ஓட்டத்த வச்சே அரசாங்க வேல வாங்கிக் குடுத்துருவேன்."

"பொம்பளப் புள்ள. சூதானமாப் பாத்துக்கிருவீகளா?"

"எம் மக மாதிரி."

விடுதியில் முதல் வருடம் முட்டை, பால், ஓட்டம் என்று போனது. அதற்கப்புறம் ஊசி வந்தது. ராஜமணி அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தானே போடுவார். சத்து ஊசி என்பார். என்ன மருந்து என்று கேட்ட ஒரு பெண்ணை ஒழுங்கீனம் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காலிக் கட்டிலைப் பார்த்த மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஊசி போட்டதிலிருந்து பேச்சிக்குக் கால் சோர்வதே இல்லை. ஜெயிக்க ஜெயிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு மாதவிலக்கு நின்றது. மோவாயில் முடி முளைத்தது, குரல் தடித்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் வாசலில் நின்று கூப்பிட்டபோது, அடுப்படியிலிருந்து மலையம்மாள், "யாருப்பா அது?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தவள் கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்தாள்.

"ஏத்தா, என்னத்தக் குடுக்குறாக அங்கன?"

"சத்து ஊசிம்மா. எல்லாருக்கும்தான்."

"போகாதடி. இங்கனயே கெட."

"இந்த ஒரு வருசம்மா. வேல கெடச்சிட்டா நிப்பாட்டிருவேன்."

அவள் போனாள்.

2009இல் ஊக்கமருந்துக்குப் புது விதிகள் வந்தன. யாரும் எதிர்பாராத நாளில் வந்து சிறுநீர் எடுப்பார்கள். உடம்பில் எது இருந்தாலும் ஓடுகிறவள்தான் பதில் சொல்ல வேண்டும். ராஜமணி பெண்களைக் கூட்டி வைத்து, எந்தத் தேதியோடு ஊசியை நிறுத்தினால் சோதனையில் எதுவும் தெரியாது என்று தனக்குத் தெரியும், பயப்பட வேண்டாம் என்றார். சோதனைக்காரர்கள் அந்தத் தேதிக்கு முன்பே வந்துவிட்டார்கள். பேச்சி உள்ளே போவதற்கு முன் ராஜமணி தோளோடு உரசி நின்று சொன்னார்:

"எம் பேரு வெளிய வந்துச்சு, ஒன்ன ஒரு பய காப்பாத்த முடியாது."

முடிவு வந்ததும் டில்லியில் விசாரணை. பேச்சி அவர் பெயரைச் சொன்னாள். குழுவில் இருந்த ஓர் அம்மாள் கனிவாகத்தான் கேட்டார், மொழிபெயர்க்கவும் ஆள் வைத்தார்கள். ஊசி போட்டதைப் பார்த்தவர்கள் யார்? கூட இருந்த பெண்களை விசாரித்தபோது எல்லோரும் தெரியாது என்றார்கள். அடுத்த போட்டி அவர்களுக்கும் இருந்தது. பேச்சிக்கு இரண்டு வருடம் தடை. ராஜமணி தன் வேலையிலேயே இருந்தார்.

ஊருக்கு வந்து அம்மாவோடு ஜீப் ஏறினாள் பேச்சி. வண்டியில் யாராவது புதிதாக ஏறினால் பேச மாட்டாள்.

2010இல் ராஜமணி மறுபடி கோம்பைக்கு வந்தார். பேச்சியோடு தோட்டத்து ஜீப்பில் வரும் பஞ்சம்மாளின் மகள் முனீஸ்வரியைத் தேர்வு செய்திருந்தார். கேள்விப்பட்டதும் பேச்சி பஞ்சம்மாள் வீட்டுக்கு ஓடினாள். ராஜமணியும் அங்கேதான் இருந்தார்.

"அக்கா, இந்தாளோட அனுப்பாதீக. எனக்குப் போட்ட ஊசியத்தான் இவளுக்கும் போடுவாரு."

ராஜமணி கோபப்படவே இல்லை. "தானா வாங்கிப் போட்டு மாட்டிக்கிட்டா, பாவம். மனசு நொந்துபோயிப் பேசுறா. விடுங்க."

"ஒனக்குக் கெடைக்காதது எம் மகளுக்குக் கெடைக்கக் கூடாதா?" என்றாள் பஞ்சம்மாள். முனீஸ்வரி பையோடு வண்டியில் ஏறினாள்.

சில மாதம் கழித்து ஜீப்பில் பஞ்சம்மாள் பேச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போன் போட்டால் எப்போதும் மாஸ்டர்தான் எடுக்கிறாராம். புள்ள மைதானத்துல இருக்கு, புள்ள தூங்குது என்கிறாராம்.

"நேத்து ஒருக்கா அவளே பேசுனா. ஊசி போடுறாகளாடின்னு கேட்டேன். பொசுக்குன்னு போன வச்சுட்டாக." அவள் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வழி தெரியாது ஆத்தா."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். விடுதிக் கேட்டில் காவலாளி தடுத்தான். ராஜமணி வந்தார். போட்டி நெருங்குகிறது, நடுவில் அழைத்துப் போனால் திரும்பச் சேர்க்க முடியாது என்றார். பஞ்சம்மாள் கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"எம் மகள வெளிய விடு. இல்ல, இங்கனயே உக்காந்து ஊரக் கூட்டுவேன்."

கடைசியில் முனீஸ்வரி பையோடு வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழுதாள். இடுப்புக்குக் கீழே ஊசி போட்ட இடம் கன்றிப்போய் உட்கார முடியவில்லை என்றாள். அவள் குரல் இன்னும் சிறுபிள்ளைக் குரலாகவே இருந்தது. பேச்சி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் போடுறாரா?" என்று பேச்சி கேட்டாள்.

முனீஸ்வரி மாடியைக் காட்டினாள். சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி அவர்களைப் பார்த்துக் கத்தினாள், "வீட்டுல சொல்லுங்க! எல்லாத்தையும் சொல்லுங்க!"

ராஜமணி விசிலை எடுத்து ஊதினார். ஒவ்வொருத்தியாகச் சன்னலை விட்டுப் போனார்கள்.