தரை தட்டிய கப்பல்

நனைந்த கித்தானுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரச் சாக்கும் பெட்ரோலும் கொஞ்சம் துருவும் கலந்த அந்த வாசனை, நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் கடைவாசலில் இருந்து மாடிவரைக்கும் ஏறி நிற்கும். மற்ற வீடுகளின் மாடியில் வேட்டியும் சேலையும் காய்ந்தால் எங்கள் வீட்டு மாடியில் தீயணைப்புக் குழாய் காயும். கைப்பிடிச் சுவரில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் நீட்டிப் போட்டு, அது காய்ந்து சுருட்டும்வரை என் அம்மாவுக்கு ஒரு பாவாடை உலர்த்தக்கூட அங்கே இடம் கிடைக்காது.

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரி என்கிற செம்மணல் மேடுகளுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் அப்பா இரும்புக்கடை வைத்திருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கம்பியும் சங்கிலியும் வாங்கிவரப் போனவர், இரண்டு இரும்புச் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு தீயணைப்புப் பம்பைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துவிட்டார். பெட்ரோல் இஞ்சின், நீளமான கித்தான் குழாய், தண்ணீர் பீய்ச்சப் பித்தளையில் ஒரு மூக்கு, கூடவே சிவப்பு வண்ணம் அடித்த இரும்புத் தொப்பிகள். அது லாரியில் வந்து கடைவாசலில் இறங்கிய அன்று ஊரே கூடி நின்றது. துறைமுகத்திலிருந்து வந்ததால் அதற்கு அன்றைக்கே "கப்பல்" என்று பெயர் விழுந்துவிட்டது.

அப்பா செய்தது முழுக்கக் கிறுக்குத்தனம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குப் பனையோலைக் கூரை. கோடையில் ஒரு பொறி பறந்தால் தெருவே போகும். அரசாங்கத் தீயணைப்பு வண்டி தொலைவிலிருந்து வரவேண்டும். அதற்குள் கூரை கூரையாக இருக்காது. அதனால் கடைக்காரர்களையும் வேலை முடிந்து கோவில் வாசலில் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருந்த இளவட்டங்களையும் சேர்த்து அப்பா ஒரு தொண்டர் படை அமைத்தார். சைக்கிள் கடை மாசிலாமணி மாமா இஞ்சினுக்குப் பொறுப்பு. நான்கைந்து பேருக்குக் "கொக்கிக் கம்பு", அதாவது பற்றிக்கொண்ட ஓலையை இழுத்துத் தள்ளுவதற்கு நுனியில் கொக்கி வைத்த நீளக் கழி. எங்கள் மாடியில் கையால் சுற்றினால் ஊளையிடுகிற ஒரு "சங்கு" பொருத்தப்பட்டது. பள்ளிக்கூடம் போன நேரம் தவிர நான் அந்த மாடியிலேயே கிடப்பேன் என்பதால் சங்கு என் பொறுப்பானது. வகுப்பில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு பதவி இல்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஆனால் கப்பலுக்கு ஒரு குறை இருந்தது. அது கடலோரத்தில் நிற்பதற்காகச் செய்த பம்பு. அங்கே கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். எங்கள் தேரிக் கிணற்றை எட்டிப்பார்த்தால் அடியில் தண்ணீர் ஒரு காசு அளவுக்குத்தான் மினுங்கும். அவ்வளவு ஆழத்திலிருந்து அதனால் உறிஞ்ச முடியாது என்பதை, வேலிக்கு வெட்டி வைத்திருந்த ஓலைக் குவியல் ஒன்று எரிந்த அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். இஞ்சின் ஊரைக் கூட்டியது, குழாய் பெருமூச்சு விட்டது, ஒரு சொட்டும் வரவில்லை. அடுத்த தடவை குளக்கரைப் பக்கம் தீ. சக்கரம் தேரி மணலில் புதைந்து, தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பெண்கள் குடத்தால் ஊற்றியே அணைத்து முடித்திருந்தார்கள். பனையேறிகள் தெருவில் பதனீர் காய்ச்சுகிற பொன்னுத்தாயி அத்தை (உறவு இல்லை, ஊர்ப் பழக்கத்தில் அத்தை) இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது:

"அண்ணாச்சி கப்பலு சாம்பலுக்கு மாலை போட வந்திருக்குளா!"

அப்பா விடுகிற ஆள் இல்லை. டிராக்டர் டிரெய்லரில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியை ஏற்றி, குளத்தில் தண்ணீர் கிடக்கும்போதே அதை நிரப்பி வைத்து, கப்பலை அதன் பின்னால் கொக்கி போட்டு மாட்டினார். கிணற்றை நம்ப வேண்டாம், தண்ணீரும் கூடவே வரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொப்பி போட்டுப் பயிற்சி நடந்தது. நடந்தது என்னவோ பயிற்சிதான். தீ மட்டும் வரவில்லை. தொட்டிக்கும் பெட்ரோலுக்கும் ஊர் வரிப்பணத்தைக் கொடுத்துவந்த ஊர்க் கமிட்டிக்குப் பொறுமை போய்விட்டது. வைகாசியில் கோவில் கொடைத் திருவிழா முடிந்ததும் கப்பலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று பேச்சு கிளம்பியது. ஊர்த் தலைவர் கடையிலேயே வந்து, "இத்தன நாளா ஒரு தீக்குச்சியாவது அணைச்சிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டபோது அப்பா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். ஊரில் எவரிடமும் தலை குனியாத மனிதர் தராசைப் பார்த்துக் குனிந்திருந்ததை நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. ஊரில் எங்காவது ஒரு சின்னத் தீயாவது பிடிக்கவேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீரும் நின்றுபோயிற்று. பனையேறிகள் தெருவில் குடிக்கவே தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும், அப்பா ஒரு சாயங்காலம் டிராக்டரை அங்கே கொண்டுபோய்த் தொட்டியைத் திறந்துவிட்டார். பொன்னுத்தாயி அத்தைதான் முதல் குடம் பிடித்தாள். "கப்பலு இதுக்காவது ஆச்சே" என்று சொல்லிவிட்டுத்தான் பிடித்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொட்டி அடிவரைக்கும் காலியாயிற்று. தீ அணைக்க வைத்திருந்த தண்ணீரைத் தெருவுக்கு ஊற்றிவிட்டார் என்று அதற்கும் அப்பாவைத்தான் கமிட்டி ஏசியது.

மறுநாள் முற்பகலில் மேல்காற்று விசிறி அடித்துக்கொண்டிருந்தது. பரீட்சை முடிந்து லீவு. நான் மாடியில் வற்றலுக்குக் காவல் இருந்தேன். மேற்கே, பனையேறிகள் தெருவின் கோடியில் கறுப்பாய் ஒரு புகை எழுந்தது. அடுப்புப் புகை வெள்ளையாய் வளைந்து போகும். இது கட்டிகட்டியாய்ப் பொங்கிக் காற்றோடு கிழக்கே சாய்ந்தது. பதனீர் காய்ச்சுகிற குடிசையை "விடிலி" என்போம். ஒரு விடிலியின் கூரை பற்றியிருந்தது. நான் சங்கைச் சுற்றினேன். என் வேண்டுதல்தான் பலித்துவிட்டதோ என்ற பயத்தில், தோள் கழன்றுவிடும் போலிருந்தும் நிறுத்தாமல் சுற்றினேன். கீழே கடைகள் படபடவென்று மூடின. தொப்பி போட்ட தலைகள் நாலா பக்கத்திலிருந்தும் ஓடி வந்தன. தொட்டி காலி என்பது டிராக்டர் கிளம்பிய பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. இருந்தும் கிளம்பிவிட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

நான் போனபோது இரண்டு கூரைகள் எரிந்துகொண்டிருந்தன. முந்தின நாள் பிடித்த தண்ணீரையும் பெண்கள் அதற்குள் ஊற்றித் தீர்த்திருந்தார்கள். காற்று எரிகிற ஓலைகளைப் பிய்த்துக் கிழக்கே வீசியது. கிழக்கே தெரு முழுக்க ஓலைக் கூரை. கொக்கிக் கம்புக்காரர்கள் மூன்றாவது கூரையை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கப்பல் நடுத்தெருவில் நின்றது, குழாய் விரித்தாயிற்று, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டி வெறுமையாய் எதிரொலித்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மறுபடியும் சாம்பலுக்கு மாலை போடத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

அப்போது பொன்னுத்தாயி அத்தை தன் விடிலிக்குள்ளிருந்து ஒரு பெரிய குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். காலையில் பனையிலிருந்து இறக்கிய பதனீர். அந்த நேரம் தெருவில் எந்த வீட்டுக்குள் போனாலும் குடத்திலும் டின்னிலும் கலயத்திலும் அதுதான் நிறைந்திருக்கும். அன்றைய பிழைப்பு மொத்தமும் அதுதான். அவள் டிரெய்லரில் ஏறி, தொட்டிக்குள் குடத்தைக் கவிழ்த்தாள்.

"ஏளா, என்னளா பாத்துக்கிட்டு நிக்கிய? பதனிய கொண்டாந்து ஊத்துங்களா!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "நேத்து நீங்க எங்களுக்கு ஊத்துனிய. இன்னைக்கு நாங்க ஊத்துதோம்" என்றாள்.

மாசிலாமணி மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இத இழுத்தா சூட்டுல உள்ள பாகாப் போயிரும். பெறவு கப்பலு எந்திரிக்கவே எந்திரிக்காது" என்றார். அவர் சொன்னது உண்மை என்பது அப்பாவுக்குத் தெரியும். இத்தனை நாளும் பழைய இரும்புக்குப் போகாமல் காப்பாற்றி வைத்திருந்ததைத் தன் கையாலேயே பழைய இரும்பாக்க வேண்டும். அப்பா தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"கப்பலு போனா போவட்டும்லே. உறிஞ்சுத குழாயத் தொட்டிக்குள்ள விடு."

அதற்குப் பிறகு நான் பார்த்ததை இன்றுவரைக்கும் எங்கேயும் பார்க்கவில்லை. பெண்கள் வரிசை கட்டி நின்று கை மாற்றிக் கை மாற்றி ஊற்றினார்கள். பனையேறிகள் இடுப்புக் கயிற்றோடு வந்து டின் டின்னாகக் கவிழ்த்தார்கள். சப்பையாய்க் கிடந்த குழாய் மலைப்பாம்பு இரை விழுங்கியதுபோல உருண்டு திரண்டது. அப்பா இரண்டு கையாலும் பிடித்திருந்த பித்தளை மூக்கு இரண்டு தடவை துப்பியது, நுரைத்தது, பிறகு ஒரேயடியாய்ப் பாய்ந்தது. வெயிலில் வெள்ளையாய் ஒரு வில் எழுந்து கூரைமேல் விழுந்த அந்தக் கணத்தில் தெருவே "ஹோ" என்று கத்தியது. தீயில் பட்ட பதனீர் சீறிக் காய்ந்து, தெரு முழுவதையும் ஒரே கொப்பரையில் போட்டுக் காய்ச்சினாற்போல் கருப்பட்டி வாசனை கிளம்பியது. குழாய் மூட்டுகளில் ஒழுகியதைப் பிள்ளைகள் வாய் திறந்து பிடித்துக் குடித்தார்கள். நானும் குடித்தேன், சுண்ணாம்பும் பெட்ரோலும் கலந்து மகா கேவலமாக இருந்தது. அதைவிட ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

தீ அணைந்தது. எரிந்த இரண்டு விடிலிகளும் பிரித்துப் போட்ட ஒரு கூரையும் தவிரத் தெரு அப்படியே நின்றது. ஒருவருக்கும் காயம் இல்லை. அப்பாவின் தலைமுடி, மீசை, வெள்ளை வேட்டி எல்லாம் ஒட்டிக்கொண்டு, ஈ மொய்த்து, நடுத்தெருவில் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அரசாங்க வண்டி வந்து சேர்ந்தபோது அதிகாரி இறங்கிய இடத்திலேயே மூக்கை உறிஞ்சினார். பூட்ஸ் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. சுவரில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "என் சர்வீஸ்ல பாயசத்தை வச்சு அணைச்ச தீய இப்பதான் பாக்கேன்" என்றார். அவர் செய்த நல்ல காரியம், சிரித்து முடித்த கையோடு தன் வண்டித் தண்ணீரைக் கப்பலுக்குள் விட்டு அலசச் சொன்னதுதான். இஞ்சின் அன்றைக்கு நின்றது நின்றதுதான். ஆனால் மாசிலாமணி மாமா அதைப் பிரித்துப் போட்டு, சுடுதண்ணீரில் ஊறவைத்து, எறும்புகளோடு மல்லுக்கட்டி, கொடைக்கு முன்னால் ஓட வைத்துவிட்டார்.

கமிட்டி கூடிய அன்று பொன்னுத்தாயி அத்தை பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மண்டப வாசலில் நின்றாள். பெண்கள் அங்கே வருகிற வழக்கம் இல்லை. "எங்க கப்பலுக்கு யாரு வெல பேசுதிய?" என்று மட்டும் கேட்டாள். விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. "அண்ணாச்சி கப்பல்" அன்று ஒரு சொல்லில் "எங்க கப்பல்" ஆகிவிட்டது. கொடையன்று சப்பரத்துக்குப் பின்னால் கப்பலும் மாலை போட்டுக்கொண்டு வந்தது. எரிந்த விடிலிகளைத் தொண்டர் படையே கட்டிக் கொடுத்தது; அதற்கு ஓலை இழுத்தவர்களில் ஊர்த் தலைவரும் ஒருவர்.

நான் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். துறைமுகத்தில் விசேஷ நாட்களில் தீயணைப்புப் படகு கடல்நீரை வில்லாய்ப் பீய்ச்சிக் காட்டும். கூட இருப்பவர்கள் கைதட்டுவார்கள், எனக்கு மட்டும் அதில் ஏதோ குறையும். ஊரில் ஓலைக் கூரை ஒன்றுகூட இல்லை, எல்லாம் கான்கிரீட். தீயணைப்பு நிலையமும் பக்கத்திலேயே வந்துவிட்டது; போனைத் தட்டினால் போதும். சங்கு இல்லை, தொண்டர் படை இல்லை, பொன்னுத்தாயி அத்தை இல்லை, அப்பாவும் இல்லை. பனையேறிகள் தெருமுனையில் சிமெண்ட் மேடை கட்டிக் கப்பலை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

போன பங்குனியில் போயிருந்தேன். பருவத்தில் முதலில் இறக்குகிற பதனீரில் ஒரு செம்பைக் கப்பலின் தலையில் ஊற்றிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். யார் ஆரம்பித்தது என்று அத்தையின் பேத்தியிடம் கேட்டேன். "எப்பவும் ஊத்துதது தானே" என்றாள். அன்று காலையில்தான் ஊற்றியிருந்தார்கள். பித்தளை மூக்கிலிருந்து மேடைவரைக்கும் எறும்பு சாரை போட்டிருந்தது. அப்பா பிடித்து நின்ற இடத்தில் கை வைத்தேன். ஒட்டிக்கொண்டது.