தலையை நேரா வை

விசில் டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. பள்ளி மைதானம் பூட்டிக் கிடக்கும். ஒற்றை அறை வீட்டில் ஒரே ஒரு டம்ளரைக் கழுவ எத்தனை நேரம்தான் ஆகும்? பத்தொன்பது வருடமாக விளையாட்டு டீச்சராக ஊரார் பிள்ளைகளை மேய்த்ததில் தனக்கென்று ஒரு குடும்பம் அமையாமலே போயிற்று. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது, கைப்பந்து அணியிலேயே சின்னவளான எட்டு வயது வாலு ஒருத்தியின் வீடு. அவளுடைய அம்மா டீச்சரை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவாள்.

இரண்டரை மாதத்துக்கு முன் வாலுவின் இடது கண்ணில் பந்து அறைந்தபோது ஐஸ் வைத்தது டீச்சர்தான். நாலு நாளில் வீக்கம் வடிந்தது, எல்லோரும் மறந்துபோனார்கள். போன வாரம் பள்ளிக்கு வந்த கண் பரிசோதனைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள், அந்தக் கண்ணுக்குள் லென்ஸ் வெள்ளையாக மங்கியிருந்ததை. அப்பா வெளியூரில். "நீங்களும் கூட வாங்கக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள் அம்மா. போவது ஆஸ்பத்திரிக்கு என்றாலும், தன்னையும் ஒருத்தி கூப்பிட்டாளே என்று டீச்சருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். வாலு முகத்தை இடப்பக்கம் திருப்பி, நல்ல கண்ணை முன்னுக்குக் கொண்டுவந்து கடகடவென்று படித்தாள். பாதியில், மூலையில் நின்ற டீச்சரைப் பார்த்துவிட்டு விறைப்பாக நிமிர்ந்தாள்.

"சாரி டீச்சர்."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாகப் பந்து வரும்போதெல்லாம் பிள்ளை இப்படித்தான் முகத்தைத் திருப்பினாள். கெட்ட பழக்கம் என்று விசிலை ஊதி ஊதி, "தலையை நேரா வை!" என்று திருத்தியது வேறு யார்?

"எப்போலேர்ந்து மங்குச்சு?" என்று கேட்டார் டாக்டர். "இந்த வயசுல ரொம்ப நாள் மங்கலாவே இருந்தா, மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுடும்."

"ஒரு வாரம் இருக்கும்" என்றாள் அம்மா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியப்போவதில்லை. அந்த வீடும் அந்த 'அக்கா'வும் அப்படியே இருக்கும்.

"இல்ல டாக்டர், ரெண்டு மாசம்" என்றாள் டீச்சர். "முகத்தைத் திருப்பித் திருப்பித்தான் பந்தைப் பார்த்தா. நான்தான் திட்டித் திட்டி நிறுத்தினேன்."

"அப்படின்னா காத்திருக்க வேணாம். நாளைக்கே ஆபரேஷன் வச்சுக்கலாம்."

வெளியே பெஞ்சில் அம்மா டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையே திரும்பத் திரும்பப் படித்தாள். நாலு திட்டு திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. நடுவில் உட்கார்ந்திருந்த வாலு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்களும் வருவீங்கல்ல?"

அம்மா பிள்ளையின் கையை மெதுவாக விலக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டீச்சருக்கு வேலை இருக்கும்மா" என்றாள்.