யகோதா அக்கா சாத்திய கதவு

நாப்பத்தாறு வயசுல சினிமாவுல எடுபிடி வேலைக்கு வந்து நின்ன ஆளை அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல. எங்க கம்பெனிக்கு வர்றதெல்லாம் காலேஜ் முடிச்ச பசங்க. ரெண்டாம் நாளே "நான் எப்ப டைரக்டர் ஆவேன்?"னு கேக்குற ரகம். யகோதா அக்கா என் மேஜைக்கு முன்னாடி நின்னு, "காபி போடுவேன், தெருவே அடங்குற மாதிரி கத்துவேன், வெயில் மழை பாக்க மாட்டேன். வேற என்னம்மா வேணும்?"னு கேட்டாங்க. எனக்கு அப்பவே அவங்களைப் பிடிச்சுப்போச்சு.

அவங்க பெல்கிரேடை ஒட்டியிருக்குற ஸெமூன்காரங்க. பெல்கிரேடுல ஒரு டாக்சி கம்பெனியில வயர்லெஸ் ரேடியோ முன்னாடி உக்காந்து டிரைவருங்களை மேய்ச்சவங்க. ஆளாளுக்கு போன்லயே வண்டி பிடிக்க ஆரம்பிச்சதும் அந்தக் கம்பெனி இழுத்து மூடியாச்சு. அப்புறம் நாத்தனாரோட கடையில பூரெக்னு கறி வெச்சுச் சுடுற அடுக்குப் பலகாரம் வித்துக்கிட்டிருந்தாங்க. மூணு வேளையும் மாவு, எண்ணெய், அதுக்கு மேல நாத்தனாரோட வாய். நாத்தனார் எந்த ஊர்ல பொறந்தாலும் நாத்தனார்தான், நான் புதுசா என்ன சொல்ல?

சினிமாவுக்குப் போறேன்னதும் அவங்க வீட்டுக்காரர் மிலே சிரிச்சாராம். "இந்த வயசுல போய் சின்னப் பசங்களுக்குக் காபி தூக்கப் போறியா?" அக்கா சொன்ன பதில்: "இத்தனை வருஷம் உனக்குத் தூக்கினேன். அங்க தூக்கினா நன்றின்னாவது ஒரு வார்த்தை வரும்."

"ஏன்க்கா சினிமா?"னு நானும் கேட்டேன். "படம் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து போயிடுவீங்கல்ல? அப்போ கடைசியில வரிசையா பேர் ஓடும். நான் உக்காந்து ஒண்ணு விடாம படிப்பேன். அதுல ஒரு தடவை என் பேரும் ஓடணும், அவ்வளவுதான்"னாங்க.

எங்க வழக்கம், முதல் வாரம் சோதனை. டைரக்டர் சரின்னா படம் முடியற வரைக்கும் வேலை. வேண்டாம்னா மறுபடி பூரெக் கடைதான். அக்கா கையில வாக்கி-டாக்கி ரேடியோவைக் குடுத்தேன். மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துத்தரணுமா? எந்த வண்டியை எந்தச் சந்துல நிறுத்தணும், எந்த மாடியில எவன் சுவத்துல ஓட்டை போட்டு ஷூட்டிங்ல சத்தம் பண்றான், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. வியாழக்கிழமைக்குள்ள லைட் பசங்க எல்லாம் "யகோதா அக்கா, யகோதா அக்கா"ன்னு பின்னாலயே சுத்துனாங்க. இனி பயமில்லைன்னு நானும் நெனச்சேன்.

டைரக்டர் ஹென்ரிக் டென்மார்க்காரன். குணத்துல தங்கம், ஆனா காத்துப் பைத்தியம். எங்க போனாலும் முதல் வேலையா ஜன்னலைத் திறப்பான். கார்ல ஏறினா நாலு கண்ணாடியும் இறங்கியாகணும். எங்க டிரைவர் பாவம், கொளுத்துற ஆகஸ்ட் மாசத்துலயும் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு ஓட்டுவாரு.

வெள்ளிக்கிழமை சாவு சீன். டான்யூப் கரையோரம் ஒரு பழைய வீடு. அப்பா காய்ச்சல்ல கட்டில்ல கெடக்காரு, கோவிச்சுக்கிட்டுப் போன மக திரும்பி வர்றா. அப்பாவா நடிச்சவரு வூகாஷின். எங்க ஊர் நாடகமேடையில பழம் தின்னு கொட்டை போட்டவரு, எங்களுக்கெல்லாம் வூலே சித்தப்பா. மக உள்ள நுழையும்போது ஜன்னல் திரை நல்லாப் பறக்கணும்னு ஹென்ரிக்குக்கு ஆசை. ஜன்னலையும் எதிர்க் கதவையும் சேத்துத் திறந்தாத்தான் அது பறக்கும். கதவு தானா அடிச்சுக்கும், யாராவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அக்காவை நிக்க வெச்சேன்.

வெச்சது நான்தான், எம் புத்தியைச் சொல்லணும்! எதிரெதிரா ஜன்னலும் கதவும் திறந்திருந்தா நடுவுல ஓடுதே குறுக்குக்காத்து, அதுன்னா எங்க ஆளுங்களுக்குப் பேயை விடப் பயம். கழுத்துப் பிடிப்பு, பல்வலி, வாய் கோணிக்கிறது, எல்லாத்துக்கும் அதுதான் காரணம்பாங்க. ஈரத் தலையோட அந்தக் காத்துல நின்னா எங்கம்மா என்னை உயிரோட புதைச்சிடுவா. அதுல போய், காய்ச்சல் வேர்வைன்னு காட்ட சித்தப்பா கழுத்துல டேக்குக்கு டேக் தண்ணி அடிச்சுக்கிட்டிருந்தாங்க.

நடுவுல அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. "நெவேனா, பெரியவர் கழுத்து நனைஞ்சிருக்கு."

"அது மேக்கப்புக்கா."

"மேக்கப்புன்னு காத்துக்குத் தெரியுமா?"

"சும்மா இருங்கக்கா, இன்னும் ஒரே டேக்தான்."

அந்த டேக் ஆரம்பிச்சது. மகளா நடிச்ச பொண்ணு நிஜமாவே அழுதுச்சு. திரை படகுப் பாய் மாதிரி எழும்பிச்சு. சித்தப்பா தோள் லேசா ஒரு நடுக்கம் நடுங்கிச்சு. 'டக்'னு கதவு சாத்திக்கிச்சு. திரை பொத்துன்னு விழுந்துடுச்சு.

ஹென்ரிக் எழுந்து நின்னான். "யார் சாத்தினது?"

"தாழ்ப்பாள் வழுக்கிடுச்சு"ன்னு நான் இங்கிலீஷ்ல முந்திக்கிட்டேன்.

அக்காவுக்கு டாக்சி இங்கிலீஷ் தெரியும், அதுதான் வினை. "தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சாத்தினேன். பெரியவருக்குக் காத்து படுது."

ஹென்ரிக் என்னைப் பாத்தான். "காத்து படணும்னுதானே திறந்து வெச்சோம்?"

"அவங்க சொல்றது சரிதான்!"னு லைட் பசங்க பின்னாலருந்து கத்துனாங்க. "எங்க மாமாவுக்கு இப்படித்தான் வாய் கோணிச்சு!" மேக்கப் போடுற அம்மா தன் இடுப்பைத் தொட்டுக்காட்டி, "சிறுநீரகத்தை அப்படியே பிடிச்சுக்கும்!"னு ஆரம்பிச்சா. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள்ள தெரியாம நுழைஞ்சவன் மாதிரி ஹென்ரிக் முழிச்சான். சித்தப்பா மட்டும் கண்ணே திறக்கல. கட்டில்ல செத்தமேனிக்கே கெடந்தாரு.

"நாளையிலருந்து இவங்க வேண்டாம்"னான் ஹென்ரிக்.

மாடிப்படியில வெச்சு நான்தான் சொல்ல வேண்டியதாப்போச்சு. அக்கா ரேடியோவைச் சட்டை நுனியால தொடைச்சு என் கையில குடுத்தாங்க. "அந்த டேக் நல்லா வந்துக்கிட்டிருந்துச்சா?"

"ஆமாக்கா."

"அடச்சே, பாழாப்போன கை. ஆனா நெவேனா, மறுபடி நிக்க வெச்சாலும் மறுபடி சாத்துவேன். அவர் நடுங்குறதைப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியல."

அவங்க அழல, நான்தான் அழுதேன்.

மறுநாள் காலையில டிரைவர் போன் பண்ணாரு. வூலே சித்தப்பாவுக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு, திருப்பவே முடியல, ஷூட்டிங் நின்னுபோச்சு. எங்க ஆளுங்க மூஞ்சியில வந்த வெற்றியைப் பாக்கணுமே! "சொன்னோமா இல்லையா? கேட்டீங்களா?" ஹென்ரிக் வெளிறிப்போய் உக்காந்திருந்தான். டாக்டரை அனுப்புறேன்னா சித்தப்பா வேண்டாங்கிறாரு. அதுக்குப் பதிலா ஒரு சேதி சொல்லியனுப்பினாரு: "அந்தக் கதவு சாத்தின பொண்ணு பக்கத்துல இருந்தாத்தான் இனிமே அந்தக் கட்டில்ல படுப்பேன்."

"கூப்பிடுங்க. படம் முடியற வரைக்கும் இருக்கட்டும்"னான் ஹென்ரிக்.

அதைச் சொல்ல நானே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு, உடம்போட சேந்து திரும்பித்தான் என்னைப் பாத்தாரு. விஷயத்தைச் சொன்னேன். "நல்லது"ன்னாரு.

அப்போ அடுப்புல காபி பொங்கி 'புஸ்'ஸுன்னு சத்தம். "ஐயோ, காபி!"னு சட்டுனு தலையைத் திருப்பினாரு பாருங்க, ஆந்தை கூட அப்படித் திரும்பாது.

நான் ஓடிப்போய் அடுப்பை அணைச்சேன்.

"சித்தப்பா!"

"கத்தாதேடி. அக்கம்பக்கத்துல கேக்கும்."

"அத்தனையும் நடிப்பா?"

"பின்ன? அதானே என் தொழில்."

"எதுக்கு?"

அடுப்பைத் தொடைச்சாரு. "காலையிலருந்து கட்டில்ல செத்துக்கிட்டே கெடந்தேன். அத்தனை பேரும் என்னையே பாத்தீங்க. சாவு நல்லா வருதான்னு பாத்தீங்க. கதவுகிட்ட நின்ன பொண்ணு ஒருத்திதான் எனக்குக் குளிருதான்னு பாத்தா. என் பொண்டாட்டி போனப்புறம் என் கழுத்தைப் பத்தி யாரும் கவலைப்பட்டதில்ல, நெவேனா."

அத்தனை பேர்ல நானும் ஒருத்தி. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்துட்டு வந்தேன்.

அக்காவுக்குப் போன் பண்ணேன். வேலை திரும்பக் கிடைச்சதுன்னு சொன்னா குதிப்பாங்கன்னு பாத்தா, "பெரியவர் கழுத்து எப்படி இருக்கு?"ங்கிறாங்க. வாக்குக் குடுத்துட்டேனே, "ரொம்ப மோசம்"னேன்.

திங்கட்கிழமை ஒரு பாட்டில் ராக்கியாவோட வந்து இறங்குனாங்க. மாமனார் காய்ச்சுன பழச் சாராயமாம், வாசம் மூணு தெருவுக்கு அடிச்சுது. சித்தப்பாவை நாற்காலியில உக்கார வெச்சு, எல்லார் முன்னாடியும் கழுத்துல சாராயத்தை ஊத்தி அழுத்தித் தேய்ச்சாங்க. லைட் பசங்க திரையில மட்டும் காத்து படுற மாதிரி ஒரு மின்விசிறியை ஒளிச்சு வெச்சுக்கிட்டிருந்தாங்க. ஹென்ரிக் கொஞ்ச நேரம் நின்னு பாத்தான். அப்புறம் அவனே போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்தான்.

"இப்போ வலி போச்சா, பெரியவரே?"ன்னு அக்கா கேட்டாங்க.

நான் அவரையே முறைச்சேன். அவர் கண்ணை மூடிக்கிட்டாரு.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."

படம் முடியற வரைக்கும் இருந்துச்சு.