ஈதர் சொட்டும் முன் ஒரு கேள்வி

மயக்க மருந்து கொடுப்பவனிடம் நோயாளி சொல்ல வேண்டியது ஒரே ஓர் உண்மை. அதைத்தான் யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலத்தில், தக்கலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். நோயாளியின் மூக்கின்மேல் துணி சுற்றிய கம்பிக்கூட்டை வைத்து, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, "ஒண்ணு, ரெண்டு எண்ணும்" என்பேன். அறுபதைத் தாண்டுபவர்கள் குடிப்பவர்கள்தான். பழகிய உடம்புக்கு மருந்து கூடுதலாக வேண்டும். குறைத்தால் கத்தி படும்போது துள்ளுவார். கண்டபடி கூட்டினால் மூச்சு நின்றுபோகும். இதே வாடையில் கிறுகிறுத்த கம்பவுண்டர் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா!

பூக்கடைக்காரர்

தோவாளைப் பூ வியாபாரி ஒருவர். "கள்ளு, சாராயம் உண்டுமா?" என்றேன். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தபடி, "சே!" என்றார். நூற்றிருபது வரை எண்ணினார். பிறகு எழுந்து உட்கார்ந்து டாக்டரிடம் பிச்சிப்பூவை ஏலம் விட்டார். நாலு பேர் பிடித்துப் படுக்க வைத்தோம்.

மறுநாள் கோபித்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "எம் பொண்டாட்டிக்க முன்னால வச்சுல்லா கேட்டீரு!"

அன்றிலிருந்து வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன்.

சீழ் பிடித்த விரல்

கன்னியாகுமரி மீனவர் ஒருவருக்குக் கெளிறு மீன் முள் குத்தி, விரலில் சீழ் கோத்திருந்தது. விரல் மரத்துப்போகும் ஊசியைச் சீழின் பக்கத்திலேயே போட்டேன். சீழ் இருக்கும் இடத்தில் அந்த மருந்து சரியாக ஏறாது என்பதை அன்றுதான் படித்தேன், அவர் விரலில்.

கீறிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "சாரே, மீனு குத்துன அன்னைக்கிகூட நான் இவ்வளவு சத்தம் போடல்ல."

பஸ்ஸில் காலி இடம்

என் சட்டையில் எப்போதும் ஈதர் வாடை. பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். எனக்கு அதில் ஒரு லாபம் இருந்தது: சாயங்காலம் வழியில் இறங்கி நான் குடிக்கும் கள்ளின் வாடையை அது மறைத்துவிடும். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் மனைவி ஞானம்மாளுக்கே தெரியாது.

கண்டக்டர்தான் கெஞ்சுவார்: "சாரே, பின்னால போய் இரியும். முன்னால இருந்தா டிரைவருக்க கண்ணு செருகுது."

என் முறை

எனக்குக் குடலிறக்கம். நான் படுத்துவிட்டால் ஈதர் சொட்டத் தெரிந்தவள் ஞானம்மாள் ஒருத்திதான், சொல்லிக்கொடுத்தவனே நான். வீட்டாரை வெளியே அனுப்பும் சட்டம் இங்கே எப்படிச் செல்லும்? கம்பிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். உயிர் பயம் ஒரு பக்கம், அவளிடம் பயம் மறுபக்கம். "இல்லை" என்றேன்.

எண்ணினேன். ஐம்பத்தெட்டு வந்தது, புத்தி தெளிவாகவே இருந்தது. அறுபதில் வாயை மூடி, குறட்டையும் விட்டேன். "கத்தி" என்று டாக்டர் கேட்டது காதில் விழுந்ததும் குறட்டையைக் கூட்டினேன். அப்போது ஒரு விரல் என் கண்ணிமை மயிரை மெல்லத் தொட்டது. தூங்குகிறானா என்று பார்க்க நான் கற்றுக்கொடுத்த அதே வித்தை. இமை துடித்துவிட்டது.

ஞானம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "டாக்டரே, கொஞ்சம் பொறுங்க. இது குடிகாரருக்க கள்ள உறக்கம். இன்னும் கொஞ்சம் ஊத்தட்டு."

உயிரோடுதான் எழுந்தேன், ஆனால் அன்று முதல் தினமும் சாயங்காலம் அவள் மூக்கருகே வாயைத் திறந்து நூறு வரை எண்ணிக் காட்டினால்தான் எனக்குச் சோறு.