காந்த அறைக்கு நாலு பேர்

2007, தீபாவளி சீசன் முடிந்த வாரம். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு, ஆண்டு மலருக்குக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். புற்றுநோய் மருந்து கொடுத்த எலிகளைப் படம்பிடிக்கும் சிறிய எம்.ஆர்.ஐ. கருவி அங்கே இருந்தது. காந்தம் பலம் குறைந்தது என்பதால் ஓர் எலிக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

அதன் காவலாளிக்கு இடது புருவம் கிடையாது. முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை வழக்கப்படியே இங்கும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் விடமாட்டார்.

அன்று ஆய்வுக் குழு வந்தது. அவர்கள் தரும் அறிக்கையை வைத்துத்தான் கருவிக்கு அடுத்த ஆண்டு நிதி. பேராசிரியரோடு மூன்று பேர் உள்ளே போனார்கள். கடைசியாக வந்த குழுத் தலைவரைக் காவலாளி மறித்தார்.

“நாலு பேர் ஆச்சு சார். ஒராளு வெளிய வந்ததும் நீக போங்க.”

பேராசிரியர் உள்ளேயிருந்தே பதறிக் கத்தினார். “யோவ், காந்தம் வெடிக்காதுய்யா!”

“வெடிக்காதுன்னு சொன்ன ரூம்லதான் சார் அம்புட்டு வருசம் வேல பாத்தேன்.”

தலைவர் ஒரு மணி நேரம் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அறிக்கையைப் பிறகு படித்தேன். எலியைப் பற்றி ஒரு வரி. பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பாராட்டி ஒரு பக்கம். நிதி வந்துவிட்டது. கதவில் ‘நால்வர் மட்டும்’ என்று பேராசிரியரே பலகை மாட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, அது சர்வதேச விதி என்றார். காவலாளி அந்தப் பலகையை மிகுந்த மரியாதையோடு துடைத்துக்கொண்டிருந்தார்.