அடுக்குத் தோட்டத்தில் தொலைந்த நாள்

எனக்கு அப்போது எட்டு வயது. பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் இருந்தோம். பக்கத்து ஊரான பொட்ஸ்டாமில் ஓர் அரண்மனை இருக்கிறது, அதன் முன்னால் திராட்சைத் தோட்டம் ஆறு அடுக்காக இறங்குகிறது, கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் அத்திமரங்கள் நிற்கின்றன என்று வகுப்பு ஆசிரியை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் என் அழுகைதான். அப்பாவுக்கு ஞாயிறும் உணவகத்தில் வேலை. அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அகதிகள் விடுதியில் இருந்தார். மாமாவும் வந்தால்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"அவன் அங்கை வரேலாது" என்றார் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை.

"ஒரு பகல்தானே அக்கா, நான் வாறன்" என்றார் மாமா.

ரயிலில் அவர் என்னோடு விளையாடவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது.

தோட்டம் நான் நினைத்ததைவிடப் பெரிது. நடுவே அகலமான படிக்கட்டு, இரு பக்கமும் வளைந்து போகும் திராட்சைச் சுவர்கள், கூம்பாக வெட்டிய மரங்கள். அத்திப்பழம் தேடி ஒவ்வொரு கண்ணாடியிலும் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே ஓடினேன். திரும்பியபோது அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. எல்லா அடுக்கும் ஒரே மாதிரி இருந்தன. ஏறினேன், இறங்கினேன், கடைசியில் ஒரு சுவரோரம் குந்தியிருந்து அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது, இரண்டு பொலிஸ்காரர்களோடு மாமா ஓடி வந்தார். அம்மா மேலே தேட, கீழே தேடிய அவர் வாசலில் நின்ற அந்தப் பொலிஸ்காரர்களிடம் தானாகவே போய், தெரிந்த நாலு ஜெர்மன் சொற்களில் பிள்ளையைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். என்னைத் தூக்கி, "அத்திப்பழம் கண்டனியே?" என்று கேட்டார்.

பொலிஸ்காரர் ஒருவர் அவரிடம் ஏதோ கேட்டார். நான்தான் தமிழில் சொன்னேன். "மாமா, உங்கடை பேப்பரைக் கேக்கினம்."

"ஓம், தெரியும்" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அதை வாசித்த பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை; ஆனால் எழுதாமல் விடவும் இல்லை.

என்னைக் கண்டுபிடித்ததற்காக மாமாவின் பெயரைப் பொலிஸ் எழுதிக்கொண்டு போனது, பரிசு வரும் என்று மறுநாள் வகுப்பில் பெருமையடித்தேன். வந்தது மாமாவின் பெயருக்கு ஒரு கடிதம். அதை வாசித்துவிட்டு அம்மா அடுப்படியில் அப்படியே நின்றார்.

"பிள்ளை கிடைச்சிட்டாள்தானே அக்கா" என்றார் மாமா.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை பேர்லினை விட்டு வெளியே போகக்கூடாது என்று மாமா பொலிஸிடம் கொடுத்த தாளில் எழுதியிருந்தது. அதை மீறியதற்கான அபராதம்தான் அந்தக் கடிதம். பொலிஸைக் கண்டால் ஒதுங்கிப் போகவேண்டிய மனிதர் எனக்காக அவர்களை நோக்கி ஓடியிருக்கிறார். அதெல்லாம் அன்று எனக்குத் தெரியவில்லை. பரிசு எப்போது வரும் என்றுதான் அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.