ஐந்தாவது டயர்

ஹில்மி சாச்சா மௌத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. செத்தவர் மாதிரி நடித்து என்னை ஏமாற்றுவது அவருக்குப் புதிதல்ல. போன நோன்பில்கூட ஜீப்புக்கு அடியில் கண்ணை மூடிக் கிடந்து, நான் அலறிய பிறகு, "ஜீப்புட ஷொக்கப் பாக்கன் புள்ள, உனக்கேன் ஷொக்கு?" என்று எழும்பி வந்தவர். ஆனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரும் பகிடி விடமாட்டார்கள். விடியற்காலையில் நெஞ்சு நோகுது என்று அவரை வாப்பாவும் உம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, தூங்கிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது. அறிவிப்பை இரண்டாம் முறை சொன்னார்கள். வாய்க்குள் இருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

ஏறாவூரில் எங்கள் தெரு ஆட்களுக்கு அவரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கத்தாரில் மணலில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, அண்ணன் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், தங்கியவர். கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜீப்பின் பேச்சை எடுப்பார். டயரைப் பற்றிப் பேசிப் பேசியும் டயர்டாகாத ஒரே மனிதர். எங்கள் ஜீப்பில் பிரசவத்துக்குப் போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள், சும்மா காற்று வாங்கப் போனவர்கள் எல்லோரும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவர் நல்லவர். எனக்கு அவரோடு ஒரு கணக்கு இருக்கிறது.

போன மாரியில் வாவி நிரம்பி, எங்கள் வயல் வட்டைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர். வயலைப் பார்க்கப் போன ஜீப் சேற்றில் புதைந்தது. நாலு சில்லும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. கடைசியில் ஒரு ட்ரக்டர்காரர் கயிறு போட்டு இழுத்தார். இழுத்ததோடு விட்டிருக்கலாம். "என்ன மச்சான், ஜீப்பக் குளிப்பாட்டக் கொண்டந்தயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வழி நெடுகச் சனம் சிரித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர்கூட அதில் இருந்தார்கள்.

அன்றைக்குத்தான் சாச்சா எனக்கு வாக்குத் தந்தார். "வாற மாரிக்கு மட் டயர், மகள். சேத்துக்கெண்டே பெரிய பெரிய பல்லு வச்சது. ஸ்பிரிங்கயும் மாத்தி ஜீப்ப ரெண்டு இஞ்சு உசத்துறம். இது நம்மட ரெண்டு பேருட ரகசியம். உம்மாக்கிட்ட மூச்சு விடாத."

"காபெட் போட்ட தார் ரோட்டுல ஊளையிடும் எண்டு சொல்றாங்களே சாச்சா?"

"ஓம், ஊருக்கே கேக்கும். பரவாயில்லயா?"

"அதுக்கும் மேலால நான் கத்துவன்."

"அதுதான் எனக்கும் பயம்."

புதிதாக எதையும் பூட்ட வேண்டுமென்றால் முதலில் வாப்பாவின் மனத்தைக் கழற்ற வேண்டும். திட்டம் என்னுடையது: குலுக்கலைத் தாங்கும் ஷொக் பழுது என்று வந்தால், அதைச் சாக்காக வைத்து ஸ்பிரிங்கையும் டயரையும் மாற்றிவிடலாம். காலையில் ஜீப்புக்கு அடியில் புகுந்து பின்பக்க ஷொக்கில் கழிவு ஒயிலைத் தடவிவிடுவேன். வாப்பா குனிந்து பார்த்து, "இது ஒழுகுது போல" என்று முணுமுணுப்பார். சாச்சா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மாத்தத்தான் வேணும் காக்கா" என்று தன் அண்ணனிடம் சொல்லுவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முழங்கை வரை ஒயிலோடு வாப்பாவிடம் நான் அகப்படும் வரை. அப்போது தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார் என் கூட்டாளி சாச்சா.

"நான் அப்பவே நெனச்சன் காக்கா. ஷொக்குல பிழையில்ல, புள்ளயிலதான் பிழை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னேரம் என்னிடம் வந்து, "நானும் மாட்டினா திட்டமே போயிரும். நீ சின்னப் புள்ள, ஏச்சோட முடிஞ்சிரும்" என்றார். நம்பினேன். இவ்வளவு வாய் உள்ளவள் இவ்வளவு இலேசாக நம்புவாள் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவரை அடக்கிவிட்டு வந்த சில நாட்களில், சாப்பிட்டு முடித்த ஒரு நேரம், வாப்பா சொன்னார்: "உரம் ஏத்தினா ஜீப் பின்னால குந்துது எண்டு தம்பிக்கிட்ட சொன்னன். பின் ஸ்பிரிங்கக் கொஞ்சம் பலமாப் போடுறன் காக்கா, உசத்த மாட்டன் எண்டான்."

உம்மா கண்ணைத் துடைத்தார். "எனக்கிட்டயும் அதத்தான் சொன்னவர். மதினி, உங்கட முழங்கால் நோவுக்கு ஏறக்கூடிய உயரத்துலதான் வைப்பன், டயரும் சத்தமில்லாத டயர் எண்டார். மறுகா, புள்ளக்கிட்ட மட்டும் சொல்லாதீங்க எண்டார்."

புள்ள என்றால் நான்தான். வீட்டிலே எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் வேறொன்றை ரகசியம் என்று விற்றிருக்கிறார். மௌத்து வீட்டில் கோபப்படக் கூடாது என்பார்கள். எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் அவருடைய கூட்டாளியா, இல்லை, பொழுதுபோகாத நேரத்துக்கு ஒரு பகிடியா? கேட்பதற்கு ஆள் மையவாடி மண்ணுக்குள்.

அடுத்த கிழமை ஓட்டமாவடி டயர் கடையிலிருந்து போன் வந்தது. சாச்சா சொல்லிவைத்த சாமான் வந்துவிட்டதாம். ஜீப்பைக் கொண்டுபோனோம். நானும் போனேன். ஒருவேளை அவர் ஏமாற்றியது வாப்பாவையும் உம்மாவையுமாக இருக்கலாம் என்று மனசுக்குள் ஒரு சின்ன ஆசை.

கடைக்காரர் டயர்களை உருட்டி வந்தார். சவரம் செய்த கன்னம் மாதிரி நாலு டயர். பின் ஸ்பிரிங் கொஞ்சம் தடிப்பு, உயரம் பழைய உயரம். உம்மா சொன்னது நடந்தது, வாப்பா சொன்னது நடந்தது. நான் ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

"இன்னுமொண்டு இரிக்கி" என்றார் கடைக்காரர்.

உள்ளே இருந்து வந்தது ஒரு மட் டயர். ஒன்றே ஒன்று. பெரிய பெரிய பல்லோடு.

"இது ஸ்பெயார் டயர், பின்கதவுல தொங்கவிட. மத்த நாலுட அளவுதான். பஞ்சரானா வீடு போய்ச் சேரப் பூட்டலாம், அதுக்கு மேல ஓடப்படாது. நான் வேணாம் எண்டன், கேக்கல்ல." என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அந்தப் புள்ள? 'முதல்ல நாலயும் காட்டு, நல்லா ஏசுவா. ஏசி முடிஞ்சாப் பொறவு இத எடு' எண்டவர். அவர்தான் உங்களக் கூட்டி வாறதா இருந்த."

நான் ஏசவில்லை. ஏச்சு வாங்க ஆள் வேண்டுமே.

ஐந்தில் ஒன்று. சாச்சா என்னிடம் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். அதையும் ஓடாத இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார். என்னை மறக்கவில்லை என்று சந்தோசப்படு என்கிறார் உம்மா. எனக்கு அப்படி வரவில்லை. உம்மாவின் முழங்கால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அதைச் சொல்லக்கூட அவர் என்னைப் பெரிய ஆளாக நினைக்கவில்லை.

இந்த மாரியில் வட்டையிலிருந்து வரும்போது பின் டயர் ஒன்று பஞ்சர். வாப்பா மழையில் நனைந்துகொண்டு அந்த மட் டயரைப் பூட்டினார். சேற்றைத் தாண்டிக் காபெட் ரோட்டில் ஏறியதும் தொடங்கியது ஊளை.

"இதென்ன சத்தம்?" என்று கேட்டார் உம்மா.

வாப்பா கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தார். "தம்பி" என்றார்.

நான் அதற்கு மேலால் கத்துவதாகத்தான் சாச்சாவிடம் சொல்லியிருந்தேன். கத்தவில்லை. போனை எடுத்து, வீடு வந்து சேரும் வரை அந்த ஊளையைப் பதிந்தேன். பஞ்சர் ஒட்டியதும் டயர் மறுபடி பின்கதவுக்குப் போய்விட்டது. சத்தம் என்னிடம் இருக்கிறது. கோபம் வரும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்கிறேன். அநேகமாகத் தினமும் வருகிறது.